நடந்தது ஒருமுறை, பார்த்தது நூறுமுறை

2013 ஏப்ரல் 15. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மாரத்தான் ஓட்டம். பிற்பகல் 2.49 மணிக்கு, முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில், வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்தன. மூன்று பேர் உயிரிழந்தார்கள். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்; அவர்களில் பலருக்குக் கால்கள் போயின. குண்டு வைத்த சகோதரர்கள் இருவரையும் பிடிக்க நான்கு நாள் தேடுதல் வேட்டை நடந்தது. 19ஆம் தேதி பாஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அத்தனை நாளும் அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சிகளில் இரவு பகலாக இதுவே ஓடியது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பேரிடர்கள் மனத்தை என்ன செய்கின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் குழு ஒன்று உண்டு. அலிசன் ஹோல்மன், டேனா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் கோஹன் சில்வர் ஆகிய மூவரும் உடனே களமிறங்கினார்கள். குண்டு வெடித்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் 4,675 பேரிடம் கேள்விகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பாஸ்டன்காரர்கள், நியூயார்க்காரர்கள், நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். நீங்களோ உங்களுக்கு வேண்டியவர்களோ அந்த இடத்தில் இருந்தீர்களா? அந்த வாரம் இது சம்பந்தமான செய்திகளைத் தினமும் எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள், படித்தீர்கள்? வேண்டாம் என்றாலும் அந்தக் காட்சி மனத்துக்குள் வந்து நிற்கிறதா? சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடுகிறதா? எதிலும் ஒட்டாமல் இருக்கிறீர்களா?

தெருவில் நின்றவர்கள்தான் அதிகம் ஆடிப்போயிருப்பார்கள் என்று யாரும் எதிர்பார்ப்போம். முடிவு அப்படி வரவில்லை. தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், வெடிப்பை நேரில் எதிர்கொண்டவர்களைவிடக் கூடுதலான மன அழுத்த அறிகுறிகளைச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், கடும் அழுத்தத்துக்கு ஆளாகும் வாய்ப்பு இவர்களுக்கு ஒன்பது மடங்கு. இவர்களில் எத்தனையோ பேர் பாஸ்டனிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சோஃபாவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தவர்கள்.

இந்த முடிவு என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. நேரில் பார்த்தவருக்கு அந்தப் பயங்கரம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. ஓடினார், அடிபட்டவரைத் தூக்கினார், ஆம்புலன்ஸில் ஏற்றினார், வீடு வந்து சேர்ந்தார். செய்யவும் சொல்லவும் அவருக்கு ஏதோ இருந்தது. திரைக்கு முன்னால் இருந்தவருக்கோ குண்டு வெடித்துக்கொண்டே இருந்தது.

நியாயமான ஒரு சந்தேகம் இங்கே எழும். ஏற்கெனவே பயந்த சுபாவம் உள்ளவர்கள்தானே இப்படி டிவி முன்னால் பழியாய்க் கிடப்பார்கள், அப்புறம் எப்படிப் பழியை டிவி மேல் போடுவது? ஆய்வாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. அந்த 4,675 பேரும் முன்பே ஓர் ஆய்வுக் குழாமில் பதிவு செய்திருந்தவர்கள். குண்டுவெடிப்புக்கு முன் அவர்களுடைய மனநிலை எப்படி இருந்தது என்ற தகவல் கையில் இருந்தது. அதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வேறுபாடு நின்றது. ஆனாலும் சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது என்பதை அதே குழு 2019இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு காட்டியது. 4,165 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பாஸ்டன் செய்தியை அளவுக்கு மீறிப் பார்த்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் அறிகுறிகள் இருந்தன. இரண்டு ஆண்டு கழித்து, இனி என்ன நடக்குமோ என்ற கவலை மற்றவர்களைவிட அதிகம் இருந்தது. 2016 ஜூனில் ஆர்லாண்டோ நகர இரவு விடுதியில் துப்பாக்கிச் சூடு நடந்து 49 பேர் இறந்தபோது, யார் அதிகம் டிவியில் மூழ்கினார்கள்? இந்தக் கவலைக்காரர்களே. அதன் விளைவாக அதிகம் அழுத்தத்துக்கு ஆளானவர்களும் இவர்களே. செய்தி பயத்தைத் தருகிறது, பயம் அடுத்த செய்தியைத் தேட வைக்கிறது. சுழல் இரண்டு பக்கமும் சுற்றுகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். மூளையின் இரு பக்கமும் உள்ளே புதைந்திருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, ஆபத்தைப் போல் தோன்றும் எதற்கும் முதலில் எழுந்துகொள்கிறது. அது எழுப்பும் ஓசையில் சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் சற்றுப் பிந்திக் கார்ட்டிசாலையும் ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசை இறுகுகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆன ஏற்பாடு இது. ஓடி முடித்தால் ஏற்பாடு தானாகக் கலையும். நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டைப் பிடித்திருப்பவர் ஓடப்போவதில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. அதே இர்வைன் வளாகத்தில் நினைவாற்றலை ஆராய்ந்த லாரி காஹில், ஜேம்ஸ் மெக்காஃப் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1994இல் செய்த ஒரு சோதனை இதற்கு உதவும். சிலருக்கு வரிசையாகப் படங்களைக் காட்டி ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் அம்மாவோடு தெருவில் போகிறான், கதையின் நடுவே அவன் மேல் வண்டி மோதிவிடுகிறது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பொதுவாக அந்த நடுப்பகுதிதான் துல்லியமாக நினைவிருந்தது. ஆனால் படம் பார்ப்பதற்கு முன்பே ப்ரொப்ரனலால் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த நடுப்பகுதி தனியாகத் தூக்கி நிற்கவில்லை. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும், ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் மாத்திரை அது. படபடப்பு ஹார்மோன் ஒரு காட்சியை நினைவில் ஆழமாகப் பதிய வைக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. காட்டில் புலியைக் கண்ட இடத்தை மறக்காமல் இருப்பது நம் முன்னோரைக் காப்பாற்றியிருக்கும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒரு கொலையை, நாமே அங்கே நின்றதுபோல் பதித்துக்கொள்வதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

நம் வீடுகளுக்கு வருகிறேன். மாலை ஏழு மணிக்கு ஏதாவதொரு செய்திச் சேனல். ஒரு தெருவில் அரிவாள் வெட்டு. சிசிடிவியில் பதிவானது மொத்தமே பத்துப் பன்னிரண்டு நொடி. முதலில் அதை அப்படியே ஓட்டுவார்கள். அடுத்து மெதுவாக. வெட்டியவர் கையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே விழுந்தவர் மேல் மறைப்பு போட்டிருப்பார்கள். ஆனால் அந்த மறைப்புக்குள் என்ன இருக்கிறது என்று கண் தேடத்தான் செய்யும். பின்னணியில் திகில் படத்தின் இசை. செய்தியாளர் போனில் தகவல் சொல்லும்போது பாதித் திரையில் அதே காட்சி. பேட்டி கொடுக்கும் அதிகாரியின் தலைக்குப் பக்கத்தில் அதே காட்சி. இரவு விவாதத்தில் நான்கு பேர் முகங்களுக்கு நடுவே அதே காட்சி. கீழே 'பதைபதைக்க வைக்கும் சிசிடிவி' என்று எழுத்து ஓடும். சேனலை மாற்றினால் அடுத்த சேனலில் அது 'பகீர் வீடியோ'. யூடியூபில் அதே துண்டு இன்னொரு தம்ப்நெயிலில். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பியிருப்பார், 'எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க' என்ற குறிப்போடு. அக்கறையில்தான் அனுப்புகிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படுக்கப் போகும்போது, ஒரே ஒரு கொலையை அந்த வீட்டில் உள்ளவர்கள் இருபது முப்பது முறை பார்த்திருப்பார்கள். முன்விரோதம், இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் என்ற தகவல் மறுநாள் ஒரே ஒரு வரியாக வரும். அதைக் கவனிக்க யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வேறொரு மாவட்டத்தில் ஒரு பாட்டி, பேரனை மாலையில் தெருவில் விளையாட விடக் கூடாது என்று முடிவெடுத்திருப்பார்.

திரும்பத் திரும்ப என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013 மே மாதம், அதாவது பாஸ்டன் சம்பவத்துக்கு அடுத்த மாதமே, தன்னுடைய நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான வரையறையில், டிவியிலோ படத்திலோ பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது என்று அது சொல்கிறது. எல்லோரும் நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாதே என்ற கவலை அதில் இருக்கிறது, அது நியாயமான கவலையும்கூட. ஆனால் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள்: வேலையின் பொருட்டு அப்படிப்பட்ட காட்சிகளைப் பார்க்க நேர்ந்தவர்கள்.

அந்த விதிவிலக்குக்குள் வருபவர்களில் முக்கியமானவர்கள் செய்தி அறைக்காரர்கள். போர்முனைக்குப் போனவர்களைச் சொல்லவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து, பொதுமக்கள் செல்பேசியில் எடுத்து அனுப்பும் கோரமான காட்சிகளைப் பிரித்து, வெட்டி, மறைப்புப் போட்டு, ஒளிபரப்புக்குத் தயார் செய்பவர்களைச் சொல்கிறேன். டொரோண்டோவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஆண்டனி ஃபைன்ஸ்டீனும் சகாக்களும் 2014இல் இப்படிப்பட்ட 116 பேரை ஆராய்ந்தார்கள். மூன்று சர்வதேசச் செய்தி நிறுவனங்களில் வேலை செய்தவர்கள். ஒரே உட்காரலில் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைவிட, எத்தனை தடவை அப்படிப்பட்ட காட்சிகளிடம் மறுபடி மறுபடி போக வேண்டியிருந்தது என்பதே மனநிலைக் கெடுதலோடு அதிகம் சேர்ந்து போயிற்று. நம்மூர் சேனல்களில் இரவுப் பணியில் அந்தக் காட்சிகளை வெட்டிக்கொண்டிருக்கும் இருபத்துச் சொச்சம் வயதுப் பிள்ளைகளைப் பற்றி யாராவது யோசிக்கிறோமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சிவப்பு வட்டம் போடுகிறவர், அந்தக் கையை நமக்கு முன்னால் பலமுறை பார்த்தவர்.

செய்தி நம்மிடம் வேறொரு விதமாகவும் வேலை செய்கிறது. பிரிட்டனில் வெண்டி ஜான்ஸ்டன், கிரஹாம் டேவி இருவரும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனை எளிமையானது. பதினான்கு நிமிடச் செய்தித் தொகுப்புகள் மூன்று தயாரித்தார்கள். ஒன்றில் எல்லாமே கெட்ட செய்தி, இன்னொன்றில் நல்ல செய்தி, மூன்றாவது இரண்டும் கெட்டான். பார்த்து முடித்ததும், உங்கள் சொந்த வாழ்க்கையில் உங்களுக்கு இருக்கும் முக்கியமான கவலை எது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கெட்ட செய்தி பார்த்தவர்களுக்குப் பதற்றமும் வருத்தமும் கூடியிருந்தன, அது எதிர்பார்த்ததே. ஆனால் அவர்கள் தங்கள் சொந்தக் கவலையையும் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். டிவியில் வந்ததற்கும் அந்தக் கவலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செய்தி பார்த்து முடித்த இரவில், பையனுடைய பரீட்சையும் கட்ட வேண்டிய தவணையும் அப்பாவின் இருமலும் திடீரென்று தலைக்கு மேல் போனதுபோல் தோன்றினால், அதற்குக் காரணம் பையனோ தவணையோ இருமலோ ஆக இல்லாமலும் இருக்கலாம்.

சரி, ஏன் செய்திகள் இப்படியே இருக்கின்றன? ஆசிரியர்கள் எல்லோரும் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்லிவிட்டால் எளிதில் முடிந்துவிடும். அதோடு விஷயம் முடியவில்லை. நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ரூகே இருவரும் 1965இலேயே ஒரு முக்கியமான காரணத்தைச் சொல்லிவிட்டார்கள். நாளேடு ஒரு நாளின் கதையைச் சொல்கிறது. எனவே ஒரு நாளுக்குள் நடந்து முடிவதே செய்தியாகிறது. கட்டடம் இடிவதற்கு ஒரு நிமிடம் போதும். கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். கெட்டவை பெரும்பாலும் திடீரென்று நடப்பவை, நல்லவை மெல்ல மெல்ல வருபவை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி கடைசியாகப் பாதித்த குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், 'அந்தக் கிருமி இன்றும் ஒரு குழந்தையையும் தாக்கவில்லை' என்பது உண்மையான செய்தி. எந்தச் சேனலாலும் அதை ஒளிபரப்ப முடியாது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது போன்ற ஒருசில நாட்களில்தான் அது செய்தியானது.

வாசகரின் கையும் இதில் உண்டு. அமெரிக்காவில் அப்வொர்த்தி என்ற இணையதளம் ஒரே கட்டுரைக்குப் பல தலைப்புகளை வைத்து, எதை மக்கள் அதிகம் தட்டுகிறார்கள் என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் வைத்திருந்தது. அந்தச் சோதனைகளின் பதிவுகள் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. 1,05,000 தலைப்பு வடிவங்கள், 37 கோடி முறை காட்டப்பட்டவை. 2023இல் வெளியான கணக்கின்படி, சாதாரண நீளமுள்ள ஒரு தலைப்பில் எதிர்மறையான சொல் ஒன்று கூடினால் தட்டுபவர் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. நல்ல சொல் ஒன்று கூடினால் ஒரு சதவீதம் குறைந்தது. நம்பிக்கையூட்டும் கதைகளுக்குப் பேர்போன தளத்திலேயே இந்த நிலை. 2.3 சதவீதம் பார்வைக்குச் சின்னதுதான். நாள்தோறும் இலட்சக்கணக்கான தலைப்புகளை இந்தக் கணக்கை வைத்தே தேர்ந்தெடுக்கும் எந்திரங்கள் வந்துவிட்ட பிறகு அது சின்னதல்ல.

ஆனால் 'மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்' என்ற பதிலை நான் ஏற்க மாட்டேன். ஸ்டூவர்ட் சரோகா என்பவரும் சகாக்களும் இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில், செய்தி பார்க்கும்போது விரல் தோலின் வியர்வை மாற்றத்தையும் இதயத் துடிப்பையும் அளந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், கெட்ட செய்திக்கு உடம்பு அதிகம் எழுந்துகொள்கிறது என்பது உறுதியாயிற்று. அதோடு இன்னொன்றையும் சொன்னார்கள்: ஆளுக்கு ஆள் வேறுபாடு மிகப் பெரிது. ஒவ்வொரு நாட்டிலும், கெட்ட செய்திக்கு அப்படிச் சிலிர்க்காதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு மாதிரிச் செய்தி கொடுத்தால் பார்ப்பார்கள். கேட்கத்தான் யாரும் இல்லை.

இப்படிப் பொறுக்கி எடுத்த செய்திகளிலிருந்து உலகத்தைக் கற்றுக்கொள்ளும்போது கணக்கு கோணலாகிறது. பார்பரா கோம்ப்ஸும் பால் ஸ்லோவிக்கும் 1979இல் அமெரிக்காவின் இரு வேறு மூலைகளில் வெளிவந்த இரண்டு நாளேடுகளை எடுத்து, எந்த மரணத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். நோய்கள் கொல்வது கொலைகளைப் போல் நூறு மடங்கு. ஆனால் கொலை பற்றிய செய்திகள், எல்லா நோய்களையும் பற்றிய செய்திகளைப் போல் மூன்று மடங்கு இருந்தன. எந்த மரணம் அதிகம் நிகழ்கிறது என்று மக்களைக் கேட்டால், அவர்கள் செய்த தவறுகள் நாளேடுகளின் கோணலோடு ஒத்துப்போயின. நம் மாநிலத்துக்கு ஒரு கணக்கு: 2022இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 49 பேர். இரு சக்கர வண்டியில் பையனை அனுப்பும்போது ஹெல்மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத வீடுகள், அவனைக் கடத்திவிடுவார்களோ என்று பயப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முட்டாள்கள் அல்லர். எதை மனக்கண்ணில் உடனே கொண்டுவர முடிகிறதோ அதுவே அடிக்கடி நடப்பது என்று எடுத்துக்கொள்வது மனித மனத்தின் இயல்பு. காட்சிகளை அங்கே போட்டு வைப்பவர் வேறொருவர்.

பயம் தவறான திசையில் திரும்பினால் உயிரும் போகும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானம் ஏறப் பயந்து காரில் போனார்கள். விமானம் கோபுரத்தில் மோதும் காட்சியை அத்தனை முறை பார்த்த பிறகு அது இயல்பே. ஆனால் ஒரே தூரத்தைக் கடக்க, கார் விமானத்தைவிடப் பலமடங்கு ஆபத்தானது. பெர்லினில் பணியாற்றிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் சாலை விபத்துப் புள்ளிவிவரங்களை எடுத்து ஆராய்ந்து, அடுத்த 12 மாதங்களில் இப்படி விமானத்தைத் தவிர்த்ததால் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் சாலையில் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார். இந்த எண்ணைக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் கடத்தப்பட்ட நான்கு விமானங்களிலும் சேர்த்து இறந்த பயணிகளும் ஊழியர்களும் 246 பேர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பயத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரியும். இந்த 1,500 பேரில் ஒருவரைப் பற்றியும் தேசியச் செய்தியில் வந்திருக்காது. ஒவ்வொன்றும் தனித்தனி விபத்து.

நமக்குப் பக்கத்திலும் இது நடந்தது. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று, எங்கெங்கோ எப்போதோ எடுத்த காணொளிகளை ஒட்டிப் பரப்பினார்கள்; சில ஊடகங்களும் சரிபார்க்காமல் அதைச் செய்தியாக்கின. பீகாரில் இருந்த பெற்றோர்கள் பிள்ளைகளுக்குப் போன் போட்டு உடனே கிளம்பி வா என்றார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அம்மா போனில் அழுத பிறகுதான் பயம் வந்தது. ஹோலிக்கு ஊர் போகிறவர்களோடு பயந்து போனவர்களும் ரயிலேறினார்கள். தமிழ்நாடு போலீஸ் இந்தியில் பேசிக் காணொளி வெளியிட வேண்டியிருந்தது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்க்க வேண்டியிருந்தது. தெருவில் நிற்பவரைவிடத் தொலைவில் திரையைப் பார்ப்பவருக்குப் பயம் அதிகம் என்ற பாஸ்டன் கணக்கை இங்கேயும் காண்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் செய்தியே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் பெருகி வருகிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் நிறுவனம் பல நாடுகளில் எடுக்கும் ஆண்டுக் கணக்கெடுப்பில், செய்தியை அடிக்கடியோ சில சமயமோ வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்றவர்கள் 2017இல் 29 சதவீதம், 2024இல் 39 சதவீதம். அவர்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் அது வழியாகாது. எச்சரிக்கையும் செய்தி வழியேதான் வருகிறது. 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்கள், 2024 அக்டோபரில் வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தவுடன் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் நிறுத்தினார்கள். பயந்த அளவு மழை நகரத்தில் பெய்யவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. அதற்காக அந்த எச்சரிக்கை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சிவப்பு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ய வாய்ப்பு, தயாராக இருங்கள் என்று பொருள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று அது சொல்கிறது. கேட்டவருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது: காரை நகர்த்து, தண்ணீர் பிடித்து வை, பாட்டியின் மாத்திரையை வாங்கி வை. அந்த வேலையைச் செய்து முடித்தால் உடம்பின் படபடப்பும் அடங்குகிறது. அதே நாளில் சில சேனல்கள் 2015 வெள்ளக் காட்சிகளைத் தேதி போடாமல் ஓட்டினால், அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பதறுவதைத் தவிர.

வீட்டில் செய்யக்கூடியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். பெரிய சம்பவம் நடந்த நாளில் செய்தியைப் படித்துத் தெரிந்துகொள்வது, காட்சியாகப் பார்ப்பதைவிட மேல். ரத்தம் தெரியும் படங்களை அதிகம் பார்த்தவர்களுக்கே அழுத்தமும் அதிகம் என்று அதே இர்வைன் குழு பின்னால் வந்த ஆய்விலும் காட்டியிருக்கிறது. பார்த்தே தீர வேண்டுமென்றால், பார்த்த பிறகு சேனலை மட்டும் மாற்றினால் போதாது. அத்திலா சாபோ என்பவர் ஓர் உடனாய்வாளரோடு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கால்மணி நேரச் செய்தி பார்த்துப் பதற்றம் கூடியவர்களில் ஒரு பகுதியினரைப் பாடம் கேட்க வைத்தார்கள், மற்றவர்களுக்குத் தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்கள் பழைய நிலைக்கு வந்தார்கள். பாடம் கேட்டவர்கள் வரவில்லை. கவனத்தைத் திருப்புவதைவிட உடம்பைத் தளர்த்துவது உதவுகிறது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வருவதும் மோசமான தொடக்கமல்ல. குழந்தைகள் இருக்கும் அறையில் செய்திச் சேனல் ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது. மறுஒளிபரப்பு என்பது சின்னக் குழந்தைக்குப் புரியாது; ஒவ்வொரு முறை காட்டும்போதும் இன்னொன்று நடக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆனால் சுமை முழுவதையும் பார்ப்பவர் தலையில் வைப்பது நியாயமில்லை. 2001 செப்டம்பரில், தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, அமெரிக்காவின் ஏபிசி செய்திப் பிரிவின் தலைவராக இருந்த டேவிட் வெஸ்டின் ஒரு முடிவெடுத்தார்: விமானங்கள் கோபுரங்களில் மோதும் காட்சியை இனித் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டாம். செய்தியை அவர் நிறுத்தவில்லை. அதன் பிறகும் அந்தச் சேனலில் இரவு பகலாக அதே செய்தி வந்தது, கண்டவர்கள் பேசினார்கள், தேடுதல் பணி காட்டப்பட்டது. அந்த ஒரு துண்டு மட்டும் ஓடவில்லை. நம் சேனல்களிடம் நான் கேட்பதும் அதிகமில்லை. சிசிடிவித் துண்டை ஒருமுறை காட்டுங்கள், தேவையில்லையென்றால் காட்டவே வேண்டாம். பழைய காட்சி என்றால் தேதியும் ஊரும் திரையில் நிற்கட்டும். இசையை எடுத்துவிடுங்கள். குற்றவாளி பிடிபட்டார், அது முன்விரோதம், அடிபட்டவர் பிழைத்து வீடு திரும்பினார் என்ற மறுநாள் தகவலுக்கு, முதல் நாள் கொடுத்த அதே நேரத்தை, அதே எழுத்தளவைக் கொடுங்கள்.